வழுக்குத் துணியில் தலையணை உறை: வீட்டு மெஷினில் தைக்க முடியுமா?

ஜூலை 3, மதியம் (கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி)

மகளுக்குச் சுருட்டை முடி. காலையில் சீப்பு இறங்காது, தினமும் அழுகை. சாட்டின் உறை போட்டால் சிக்கு குறையும் என்றார்கள். கோவை போனபோது ஒப்பனக்கார வீதியில் இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். கடைக்காரர் சில்க் சாட்டின் என்றுதான் சொன்னார். இங்கே டெய்லரிடம் கொடுத்தால், இது வழுக்கும், ஓரம் பிரியும், நான் எடுக்க மாட்டேன் என்கிறார். வீட்டில் மாமியாருடைய பழைய மிதி மெஷின் இருக்கிறது. பிளவுஸ் கை மடித்து அடிக்கும் அளவுக்குத்தான் எனக்குத் தையல் தெரியும். தலையணை 17க்கு 27 இன்ச். என்னால் முடியுமா அக்கா?

ஜூலை 3, இரவு

முடியும். தலையணை உறையில் வளைவு கிடையாது, டார்ட் (பிளவுஸில் பிடிக்கிற கூர்மடிப்பு) கிடையாது, எல்லாமே நேர்த் தையல். டெய்லர் மறுத்ததும் நியாயம்தான். உறைக்கு அவர் வாங்கும் கூலிக்கு இந்தத் துணி கேட்கும் பொறுமை கட்டாது. உங்களுக்குக் கூலிக் கணக்கு இல்லை.

மெஷினைத் திறப்பதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன துணி என்று தெரிய வேண்டும். சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டு நூலிலும் நெய்வார்கள், பாலியஸ்டரிலும் நெய்வார்கள், ரேயானிலும் நெய்வார்கள். கடையில் ‘சில்க் சாட்டின்’ என்று சொன்னால் பாதி நேரம் பளபளப்பைத்தான் சொல்கிறார்கள். நீளவாக்கில் ஒரு நூல், அகலவாக்கில் ஒரு நூல் உருவி எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக எவர்சில்வர் தட்டில் வைத்துப் பற்ற வையுங்கள். பட்டு என்றால் மெதுவாக எரியும், முடி கருகின வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, ஆறினதும் கெட்டியாக ஒரு மணி நிற்கும். ரேயான் காகிதம் எரிகிற வாடை. இரண்டு நூலும் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அதனால்தான் தனித்தனியாக.

ஜூலை 4, காலை

ஊசி விஷயம் சொல்லாமல் விட்டேன். மெஷினில் இப்போது கிடப்பது 16 நம்பர் ஊசியாகத்தான் இருக்கும். அதைக் கழற்றுங்கள். சாட்டினுக்கு 11, மெல்லிய பட்டுக்கு 9. புது ஊசியாக இருக்கட்டும். முனை மழுங்கிய ஊசி இந்தத் துணியில் நூலை இழுத்துவிடும், குறுக்கே ஒரு கோடு விழும், அந்தக் கோடு தேய்த்தாலும் போகாது. நூல் மெல்லிய பாலியஸ்டர் நூல் போதும்.

ஜூலை 4, மதியம்

மழை விட்டிருக்கிறது, சாவகாசமாக எழுதுகிறேன்.

வழுக்குத் துணியைத் தைப்பது கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் தைப்பது கஷ்டமே இல்லை, வெட்டுவதுதான் கஷ்டம். மேசையில் விரித்துக் கத்தரி வைத்தால் மீன் மாதிரி நழுவும். நேராக வெட்டினதாக நினைத்து எடுத்துப் பார்த்தால் ஒரு ஓரம் அரை இன்ச் உள்ளே போயிருக்கும். கோணலாக வெட்டின துணியை எவ்வளவு நேராகத் தைத்தாலும் உறை முறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

அதனால் துணியை முதலில் விறைக்க வைக்க வேண்டும். அதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது, கஞ்சி. உப்பு போடாத வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். குக்கர் வீடாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை நிறையத் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டினால் அதுவே போதும். விரலை விட்டு எடுத்தால் பிசுபிசுக்கக் கூடாது. துணியை முழுசாக முக்கி, பிழியாமல், ஒரு பழைய துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். நிழலில் கொடியில் நேராகப் போட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் உள்பக்கத்தில் இளஞ்சூட்டில் தேயுங்கள். முழுக்கக் காயவிட்டு மேலே தண்ணீர் தெளித்தால் பட்டில் சொட்டுச் சொட்டாகக் கறை விழும்.

இப்படித் தேய்த்த பட்டு மேசையில் வைத்த இடத்தில் இருக்கும். மடித்தால் மடியும். விரல் நகத்தால் கோடு போட்டால் கோடு நிற்கும்.

சமவெளியில் இருப்பவருக்கு இதோடு முடிந்தது. நமக்கு இன்னொரு சங்கதி உண்டு. ஜூலையில் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடியில் போட்டது அடுத்த நாளும் ஈரமாகவே கிடக்கும். கஞ்சி போட்ட துணி அப்படிக் கிடந்தால் புளித்த வாடை வரும், இரண்டு நாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். பட்டில் விழுந்த பூஞ்சைப் புள்ளி போகவே போகாது. ஆகவே வெளியே போடாதீர்கள். அறைக்குள் ஃபேன் காற்றில் போடுங்கள். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அடுப்படிக் கொடி வேண்டாம், புகை வாடை பட்டில் ஏறினால் பல சலவை தாங்கும். வெயில் தலை காட்டும் நாள் கிடைக்கும் வரை காத்திருந்தாலும் குற்றமில்லை.

ஜூலை 5

கோத்தகிரித் தங்கச்சி நூலைக் கொளுத்திப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். இரண்டு பக்க நூலும் உருகி மணியாகிவிட்டதாம். முழு பாலியஸ்டர். வருத்தப்பட வேண்டாம், வழவழப்புக்குக் குறைவில்லை, சிக்கு விஷயத்தில் அதுவும் வேலை செய்யும். பட்டு விலை கொடுத்திருந்தால்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். இனிப் பட்டு என்று வாங்கும்போது சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு, 2004லிருந்து நடக்கிறது.

ஆனால் பாலியஸ்டர் என்று தெரிந்த பிறகு நேற்று எழுதின கஞ்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் தண்ணீரையே உறிஞ்சாது, கஞ்சியை எங்கே உறிஞ்சும்? மேலே படலமாகத்தான் ஒட்டும், கையாளும்போது உதிரும். பட்டுக்குக் கஞ்சி, பாலியஸ்டருக்குப் போர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பருத்திப் போர்வையை விரியுங்கள், போர்வையின் சொரசொரப்பு துணியை நகரவிடாது. அதன் மேல் சாட்டினை ஒற்றையாகப் போடுங்கள், இரட்டையாக மடித்து வெட்ட வேண்டாம். நேர்கோடு வேண்டுமென்றால் சாக்பீஸை நம்பாதீர்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அதிலிருந்து ஒரே ஒரு நூலை ஊசி முனையால் கிளப்பி மெல்ல இழுங்கள். துணி அந்த நூலில் சுருங்கிக்கொண்டே வரும். சுருக்கத்தைத் தள்ளித் தள்ளி நூலை முழுக்க உருவினால் பளபளப்புக்கு நடுவே மயிரிழை அளவில் மங்கலாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டிலேயே கத்தரி போகட்டும். நூல் பாதியில் அறுந்தால் பக்கத்து நூலைப் பிடித்துக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இதைவிட நேரான கோடு எந்த ஸ்கேலாலும் வராது.

ஜூலை 6

அளவு. 17க்கு 27 தலையணைக்கு மட்டும் சொல்கிறேன்.

அகலம் 19 இன்ச். பக்கத்துக்கு அரைக்கால் குறைய முக்கால் இன்ச், அதாவது 5/8 இன்ச், தையலுக்குப் போகும், மிச்சம் தலையணை உப்பி நிற்பதற்கு. நீளம் 65 இன்ச். முன்பக்கம் 28, பின்பக்கம் 28, உள்ளே மடிகிற மூடி 6, மீதி ஓரம் மடிக்க. சாட்டின் 44 இன்ச் அகலத்தில் வரும், ஆகவே நீளவாக்கில் இரண்டு பட்டை கிடைக்கும். ஒன்றே முக்கால் மீட்டரில் இரண்டு உறை. உங்களிடம் இரண்டு மீட்டர் இருக்கிறது, தாராளம். பக்கத்தில் 6 இன்ச் அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும், தூக்கிப் போடாதீர்கள். துணியின் கரையை வெட்டிவிடுங்கள், அது இழுத்துப் பிடிக்கும்.

ஜிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். தூங்கும்போது கன்னத்தில் உறுத்தும்.

முதலில் இரண்டு குட்டை ஓரங்களையும் மடித்து அடியுங்கள். பின்பக்க வாய்க்கு அரை இன்ச் மடித்து, மேலே ஒரு இன்ச் மடிப்பு. மூடிப் பக்கத்துக்கு அரை அரை போதும். அடிப்பதற்கு முன் கையால் இழையோட்டுங்கள். குண்டூசி குத்துவதாக இருந்தால் தையலுக்கு விட்ட இடத்துக்குள் மட்டும் குத்துங்கள், வெளியே குத்தின ஓட்டை மூடாது. துணிக்கு மாட்டுகிற கிளிப் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் பக்கத் தையல். இங்கேதான் கவனம். ஓரம் பிரியும் துணி என்பதால் இரட்டைத் தையல் போட வேண்டும், ஃப்ரெஞ்ச் சீம் என்பார்கள். உறை முடிந்தபின் எப்படி இருக்குமோ அப்படியே, நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்து வையுங்கள். முன்பக்கம் அடியில், அதன் மேல் மூடி, எல்லாவற்றுக்கும் மேல் பின்பக்கம். இரண்டு பக்கமும் கால் இன்சில் தையல். பிறகு அந்தக் கால் இன்சைப் பாதியாக நறுக்கி, உறையை உள்வெளியாகத் திருப்பி, விளிம்பை நகத்தால் நீவி, மறுபடி 3/8 இன்சில், அதாவது அரை இன்சுக்குக் கொஞ்சம் குறைவாக, இன்னொரு தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கு நடுவே அடைபட்டுப்போகும். திருப்பினால் உள்ளே கையை விட்டுத் தடவினாலும் ஒரு நூல் தட்டாது. மூலையில் மூன்று அடுக்கு சேரும், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடத்துங்கள்.

ஜூலை 6, இரவு

இந்த வேலைக்குப் பழைய மிதி மெஷினே நல்லது, காரணம் இதுதான். பழைய நேர்த்தையல் மெஷினில் ஊசி இறங்கும் தகட்டில் ஒரே ஒரு வட்ட ஓட்டை. புது ஜிக்ஜாக் மெஷினில் அகலமான பிளவு. மெல்லிய துணியை ஊசி அந்தப் பிளவுக்குள் தள்ளிச் சிக்க வைத்துவிடும். வட்ட ஓட்டையில் அந்தத் தொல்லை குறைவு. வேகமும் உங்கள் காலில் இருக்கிறது. மழைக்கு கரண்ட் போனாலும் ஜன்னலோரம் வைத்து அடிக்கலாம். மாமியார் அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றி வைத்ததற்கு அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.

ஒன்று மட்டும். இந்தக் குளிரில் மெஷின் எண்ணெய் கெட்டிப்பட்டு இருக்கும். காலையில் எடுத்த எடுப்பில் சாட்டினை வைக்காமல், பழைய வேட்டித் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். மெஷினும் இளகும், ஊசியில் வழிகிற எண்ணெயும் அந்தத் துணியோடு போகும்.

ஜூலை 7

ஓவர்லாக் அடித்தால் போதுமே, எதற்கு இரட்டைத் தையல் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓவர்லாக் நூல் உள்ளே தடித்து நிற்கும், தலையணை அதில் உரசிக்கொண்டே இருக்கும், துவைக்கத் துவைக்க சாட்டினின் பிசிறு அதையும் மீறி வரும். சுடிதாருக்கு ஓவர்லாக் சரி. வருஷக்கணக்கில் வாரந்தோறும் துவைக்கிற உறைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜூலை 9

பட்டு உறை போட்டால் முடி கொட்டுவது நின்றுவிடும் என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அப்படி நம்பிப் பணம் போட வேண்டாம். வேரிலிருந்து கொட்டுகிற முடிக்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தினதாக இருக்கலாம், அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். வழவழப்பான உறை செய்வது உரசலைக் குறைப்பது. புரண்டு படுக்கும்போது முடி துணியில் மாட்டாமல் நழுவும், சிக்கு குறையும், நுனியில் உடைவது குறையும். சுருட்டை முடிக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சுருட்டைக் குழந்தை அழாமல் தலை வாரிக்கொள்வது எனக்குப் பெரிய விஷயம்தான், அதற்கு மேல் உறையின் தலையில் சுமத்த வேண்டாம்.

ஜூலை 10

பழைய பட்டுப்புடவையில் தைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவின் அரக்குப் பட்டு ஒன்று எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. மடிப்பு மாற்றாமலே கிடந்த புடவை. விரித்தபோது ஒவ்வொரு மடிப்பிலும் துணி கோடு போட்டாற்போல விட்டிருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. மடிப்புக்கு நடுவே இருந்த உடல் மட்டும் அப்படியே புதுசு. புடவையைக் கையில் எடுத்தால் இரண்டு கட்டைவிரலால் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் விலகிச் சன்னமாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி தலையின் பாரத்தைத் தாங்காது, விட்டுவிடுங்கள். தாங்கினால் உடல் பகுதியை மட்டும் எடுங்கள். ஜரிகைக் கரையும் முந்தியும் வேண்டாம், கன்னத்தைக் கீறும், முடியும் அதில் மாட்டும். புட்டா போட்ட புடவையும் அதே காரணத்தால் ஆகாது.

காஞ்சிபுரம் கனத்த பட்டு, உறைக்குக் கொஞ்சம் விறைப்பு. சிறுமுகை மென்பட்டு இதற்கு என் கைக்குப் பிடித்தது. மேட்டுப்பாளையம் இறங்கினால் பக்கத்தில்தான் சிறுமுகை, பட்டு நெசவாளர்கள் நிறைந்த ஊர். உடுத்திப் பழசான மென்பட்டின் உடலில் தைத்த உறை, கடையில் வாங்குகிற எந்தப் பட்டு உறைக்கும் குறைந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். அம்மாவின் அரக்குப் பட்டில் மடிப்புகளைத் தள்ளிவிட்டு எடுத்ததில் சின்னக் குழந்தைத் தலையணைக்கு ஒரு உறை தேறியது. இப்போது அது அக்கா பேத்தியிடம் இருக்கிறது.

ஜூலை 12

‘ஊட்டிக் குளிரில் சாட்டினில் தலை வைத்தால் ஐஸில் வைத்த மாதிரி இருக்காதா?’ என்று குன்னூரிலிருந்து கேள்வி. வைத்த நிமிஷம் சில்லென்று இருக்கும், உண்மை. கொஞ்ச நேரத்தில் தலைச் சூட்டில் சரியாகிவிடும். ஜனவரி உறைபனி நாளில் அந்தக் கொஞ்ச நேரமும் பொறுக்காது என்பவர்கள் ஒரு பக்கம் சாட்டின், மறுபக்கம் ஃபிளானல் வைத்துத் தைக்கலாம். இதில் இன்னொரு நன்மை, ஃபிளானல் பக்கம் கீழே இருந்தால் தலையணை படுக்கையில் நழுவாது. இரண்டு பக்கமும் சாட்டின் போட்டால் விடியும்போது தலையணை கட்டிலுக்குக் கீழே கிடக்கும். ஆனால் ஃபிளானலைத் தைக்கும் முன் வெந்நீரில் நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். அது சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் உறை ஒரு பக்கம் இழுத்துக் கூனிப்போகும்.

பனிக்காலத்துக் காற்று காய்ந்து கிடப்பதால் பாலியஸ்டரில் முடி பறந்து ஒட்டும், இருட்டில் படபடவென்று பொறியும் தெரியும். பட்டில் இது குறைவு. பொறி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தலையில் துளி எண்ணெய் இருந்தால் அடங்கும்.

அப்புறம், நம் பக்கம் பாதிப் பேர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம். குல்லா போட்டால் உறை என்ன துணியாக இருந்து என்ன பயன்? முடியோடு உரசுவது கம்பளிதானே. அந்த 6 இன்ச் துண்டை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். குல்லாவுக்கு உள்ளே சாட்டின் லைனிங் கொடுங்கள். கம்பளி இழுபடும், சாட்டின் இழுபடாது. ஆகவே துண்டைக் கிராஸாக (மூலைவாட்டில்) வெட்டி ஒட்டுப் போட்டு, குல்லாவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்து, விளிம்பில் மட்டும் தளர்வான கைத்தையல். எங்கள் வீட்டு வரிசையில் பெண்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது குல்லாவுக்கெல்லாம் லைனிங் ஏறிவிட்டது. உறையைவிட இதைத்தான் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள்.

ஜூலை 13

உறை ஓரத்தில் தோடர் பூவேலை வைத்தால் அழகாக இருக்குமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சாட்டினில் ஏன் ஆகாது என்று புரியும். தோடர் பெண்கள் வரைந்துகொள்வதில்லை, ஃபிரேம் மாட்டுவதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் நூலை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக இழை கோக்கிறார்கள். விரல் நுனியால் துணியைத் தடவி நகரும்போதே எண்ணிக்கை ஓடும். சாட்டினில் கண்ணுக்கு நூலே தெரியாது, எதை எண்ணுவது? அச்சடித்த மாதிரி மேலே தைத்து வைத்தால் அது தோடர் வேலை ஆகாது. 2013ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, போலி வராமல் அந்தக் கைகளுக்குப் பிழைப்பு நிற்க வேண்டும் என்றுதான். ஆசை இருந்தால் அவர்கள் கையால் செய்த ஒரு சால்வையோ பையோ வாங்குங்கள். தலை வைக்கிற இடம் மழமழவென்று வெறுமையாக இருக்கட்டும்.

ஜூலை 17

கோத்தகிரியில் முதல் உறை முடிந்துவிட்டது. பக்கத் தையல் நெடுக லேசாகச் சுருங்கி நிற்கிறதாம். மூன்று இடம் பாருங்கள். மேல்நூல் டென்ஷனை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். தையல் இன்சுக்கு 10 முதல் 12 வரை விழட்டும், அதைவிடப் பொடியாக விழுந்தால் சுருங்கும். தைக்கும்போது துணியைப் பின்னாலும் முன்னாலும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இழுக்க வேண்டாம், பிடித்தால் போதும். அப்போதும் துணியை நகர்த்துகிற மெஷினின் அடிப்பல் துணியைக் கடித்தால், துணிக்கு அடியில் நீளமாக ஒரு பட்டர் பேப்பரோ டிஷ்யூ பேப்பரோ வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை ஏறும். முதல் உறையைப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். உள்பக்கம் இளஞ்சூட்டில் தேய்த்தால் பாதி அடங்கிவிடும்.

ஜூலை 18

துவைப்பது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், நம் ஊரில் அது வருஷம் பூராவும் உறைந்துதான் இருக்கிறது. உருக்கித் தலையில் வைக்கிறோம், ராத்திரி உறையில் பட்டு அங்கேயே மறுபடி உறைகிறது. பச்சைத் தண்ணீரில் அலசினால் அந்த எண்ணெய் அசையாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பு வேண்டும். பாலியஸ்டர் உறைக்கு வீட்டில் இருக்கிற சோப்புத்தூள் எதுவும் ஆகும். பட்டுக்கு ஆகாது. பட்டு புரதம், கறை நீக்க என்சைம் சேர்த்த தூள்கள் புரதத்தையே தின்னும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில். கஞ்சி போட்டுத் தைத்த பட்டு உறையை முதல் ராத்திரிக்கு முன்பே இப்படி அலசிவிடுங்கள், பீரோவில் கஞ்சியோடு மடித்து வைத்தால் பூச்சி தேடி வரும்.

இரண்டாவது உறையை எப்போது வெட்டப்போகிறீர்கள்? காகிதம் வைத்துத் தைத்ததில் சுருக்கம் நின்றதா என்று எழுதுங்கள்.